ஓட்டை இல்லாத கீரை

என் மகளுக்கு நாலரை வயது நடந்துகொண்டிருந்தபோது, ஒருநாள் மாலை அவள் சோற்றிலிருந்து கீரையை ஒதுக்குவதை உட்கார்ந்து கவனித்தேன். வலது கைச் சுண்டுவிரலை மட்டும் நீட்டி, அதன் நகத்தால் ஒவ்வொரு துணுக்காகத் தள்ளி, தட்டின் விளிம்பில் கோடு போட்டது மாதிரி வரிசையாக வைத்தாள். சோற்றில் ஒரு பச்சைப் பொட்டுகூட மிச்சமில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் என் தட்டிலும் அதே இடத்தில் அதே மாதிரி ஒரு கோடு இருந்தது. என் மனைவி இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அச்சு அசல் நீங்கதான்லா" என்றாள்.

நான் பெருமைப்பட்டேன். அதை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

நாங்கள் இருப்பது மலேசியாவில், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். காலையில் எனக்குத் தோட்டத்து வேலை. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடக்கிற கொழுந்து வெட்டும் மெஷினில் நான் இடது பக்கத்து ஆள். மத்தியானம் இரண்டு மணிக்கு அது முடிந்ததும், மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு திரிங்காப்புக்குப் போவேன். அங்கே தவுக்கே என்று நாங்கள் கூப்பிடுகிற ஒரு சீன முதலாளியின் கெபுனில், காய்கறித் தோட்டத்தில், சாயங்காலம்வரை வேலை. என்ன வேலை என்று மனைவி கேட்டால், உரம் கலக்குகிறேன், கூடை தூக்குகிறேன் என்பேன். அது பாதிப் பொய். பாதி என்ன, முக்கால் பொய். நான் அங்கே மருந்து அடிக்கிறவன்.

கல்யாணமான முதல் வருடம் அவளுக்கு இது தெரியும். அப்போது ஒரு வெயில் நாளில், முகத்தில் ஒரு துணிகூடக் கட்டாமல் பூச்சிமருந்து அடித்துவிட்டு வந்து, வீட்டுப் படியிலேயே குப்புற விழுந்தேன். வாயிலிருந்து எச்சில் நிற்காமல் ஒழுகியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. இமை தன்பாட்டுக்குத் துடித்தது. அவள் ஏழு மாத வயிற்றோடு என் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தெளிந்ததும் என் கையை இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள்.

"இனிமே மருந்தத் தொட மாட்டேன்னு சொல்லுங்க."

சொன்னேன். மகள் பிறந்து ஆறு மாதம்வரை அந்தச் சொல்லைக் காப்பாற்றவும் செய்தேன். பிறகு, கூடை தூக்குகிறவனைவிட மருந்தடிக்கிறவனுக்குக் கூலி கூட என்பதால், ஒன்றும் பேசாமல் மறுபடி குழாயைக் கையில் எடுத்துக்கொண்டேன். வேலை உடுப்பைக் கெபுன் கொட்டகையில் தொங்கவிட்டு, அங்கேயே இரண்டு தடவை சோப்பு போட்டுக் குளித்து, நல்ல பிள்ளையாக வீட்டுக்கு வருவேன். அவள் என் சட்டையை முகர்ந்து பார்த்ததில்லை. அவ்வளவு நம்பிக்கை. நம்புகிறவளை ஏமாற்றுவதற்குப் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் வேண்டாம்.

என் தட்டில் கீரை ஒதுங்கியதற்குக் காரணம் அதுதான். ருசி பிடிக்காமல் இல்லை. என் அப்பா வீட்டில் நான் கீரையும் பூசணியும் வெளுத்துக் கட்டியவன். மருந்தடிக்க ஆரம்பித்த பிறகு, எந்த இலையைப் பார்த்தாலும் அதன்மேல் வழிந்த வெள்ளை நுரைதான் கண்ணுக்குத் தெரியும். வாய் மூடிக்கொள்ளும். இந்தத் தொழிலில் இருக்கிற நிறையப் பேர் அப்படித்தான். அதற்காக எங்கள் கெபுனில் ஒரு ஏற்பாடும் உண்டு. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கண்ணில் படாத மூலையில், இரண்டு பாத்திக்கு மட்டும் மருந்து போகாது. 'வீட்டு வரிசை' என்போம். தவுக்கே வீட்டுச் சமையலுக்கும், மருந்தடிக்கிற எங்கள் வீட்டுக்கும் அங்கிருந்துதான் பறிப்பது. அதில் விளைகிற இலை சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். பூச்சி தின்று பார்த்துச் சரியென்ற பிறகுதான் நாங்கள் தின்போம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. வெளியாட்களிடம் வாய் திறப்பதும் இல்லை.

அந்த இலையைக்கூட நான் மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. கொண்டுவந்தால், ஏன் இப்படி ஓட்டை என்று கேள்வி வரும். ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி வரும். எனக்கு எதற்கு வம்பு? அதனால் மனைவி கடையில் வாங்கியதைச் சமைப்பாள், நான் ஒதுக்குவேன், மகள் என்னைப் பார்த்து ஒதுக்குவாள். இப்படியே போய்க்கொண்டிருந்தது.

கிளினிக்கில்தான் அது முட்டி நின்றது. மகளுக்கு ரத்தம் குறைவு என்றார்கள். வயதுக்கு ஏற்ற எடையும் இல்லை. மலச்சிக்கலில் அவள் அழுவது பக்கத்து லயம்வரை கேட்கும். எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்த நர்ஸ் மிஸ்ஸி ஒரு தமிழ்ப் பெண், நன்றாக வாயாடுகிறவர்.

"வீட்டுல என்ன காய் சாப்பிடுது?"

"ஒண்ணும் தொடாது மிஸ்ஸி" என்றாள் மனைவி. "இவரும் தொட மாட்டாரு."

மிஸ்ஸி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "புள்ளைக்கு நான் மருந்து எழுதிக் குடுத்துடுவேன். அப்பாவுக்கு யாரு எழுதறது? இந்த வயசுல புள்ளைங்க நீங்க சொல்றதக் கேக்காது, உங்க வாயத்தான் பாக்கும். அடிக்காதீங்க, மிரட்டாதீங்க, கீரை தின்னா மிட்டாய் தரேன்னு லஞ்சமும் குடுக்காதீங்க. நீங்க முன்னாடி உக்காந்து ரசிச்சு சாப்பிடுங்க. ஒரு தடவ பாத்து சாப்பிடாது. பத்து தடவ, பதினஞ்சு தடவ பாக்கட்டும். தானா வரும்."

மோட்டாரிலிருந்து இறங்கி வீட்டுப் படி ஏறும்போது மனைவி சொன்னாள்: "இன்னிலேருந்து புள்ள முன்னாடி நீங்க சாப்பிடறீங்க. இல்லன்னா ஏன் சாப்பிட மாட்டேங்கறீங்கன்னு சொல்லுங்க."

இரண்டாவதை நான் செய்திருக்க வேண்டும். அன்று அந்தப் படியில் நின்று, நான் மருந்தடிக்கிறேன், அதனால் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால், ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். அவ்வளவுதான். நான் முதலாவதைத் தேர்ந்தெடுத்தேன். வீட்டு வரிசைக் கீரையைக் கொண்டுவந்து கொடுத்துவிடலாம், நானும் பயமில்லாமல் சாப்பிடலாம், பிள்ளையும் சாப்பிடும், பொய்யும் பத்திரமாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். எவ்வளவு புத்திசாலி பாருங்கள்.

மறுநாளே ஒரு பை நிறையப் பறித்துக்கொண்டு வந்தேன். தவுக்கே சும்மா கொடுத்தார் என்றேன். அவள் ஒரு இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஓட்டை வழியாக என்னைப் பார்த்தாள்.

"யாரு தின்னுட்டு மிச்சம் குடுத்தது?"

"கழுவினா போதும். எல்லாம் ஒண்ணுதான்" என்றேன்.

எல்லாம் ஒன்றுதான். என் வாயால் நானே சொன்னது அது.

முதல் நாள் நான் ரசித்து ரசித்துச் சாப்பிட்டேன். மகள் என் வாயையே பார்த்தாள். சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் ஒரு துணுக்கை நக்கிப் பார்த்தாள். மூன்றாம் நாள், கீரையைக் கழுவ அவளையும் கூட்டிக்கொண்டாள் மனைவி. கையால் தொட்டுப் பழகினால் வாய்க்கும் பழகும் என்று மிஸ்ஸி சொல்லியிருந்தார். இலையைப் புரட்டியதும் ஒரு பச்சைப் புழு நெளிந்தது. மகள் வீறிட்டு அழுது, ஈரக் கையோடு ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். அன்றிரவு சோறே வேண்டாம் என்றுவிட்டாள். "பூச்சி கீர, பூச்சி கீர" என்று அதே பாட்டு.

"விடுங்க. இத நான் பாத்துக்கறேன்" என்றாள் மனைவி.

என்ன செய்யப்போகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. வாரம் மூன்று நாள் பையைக் கொண்டுவந்து சமையலறையில் வைப்பதோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். மேசைக்கு வரும்போது கீரை பொடியாக நறுக்கி, பூண்டு தட்டிப் போட்டு வதக்கி வரும். நறுக்கிய இலையில் ஓட்டை இருந்ததா இல்லையா என்று யாரால் கண்டுபிடிக்க முடியும்?

மகள் சாப்பிட ஆரம்பித்தாள். நிஜமாகவே மிஸ்ஸி சொன்ன மாதிரிதான் நடந்தது. நான் ஒரு வாய் போட்டால் அவள் ஒரு வாய் போடுவாள். "அப்பா, ஆ காட்டு" என்று என் வாயைத் திறக்கச் சொல்லி, நான் விழுங்கிவிட்டேனா என்று பார்த்த பிறகுதான் விழுங்குவாள். ஒரு மாதத்தில் அந்தச் சோதனையும் தேவைப்படவில்லை. நறுக்கிய சாலட் இலையைப் பச்சையாகவே மென்றாள். தடிக்காவுக்கு, அவள் போகிற பாலர் பள்ளிக்கு, கொண்டுபோகிற ரொட்டிக்குள் முட்டையோடு இரண்டு இலை வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்கினாள். காலை ஆறு மணிக்கே தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு நான் போய்விடுவதால் அந்த டப்பாவை நான் திறந்து பார்த்ததே இல்லை. தடிக்கா டீச்சர் மற்ற தாய்மாரிடம் என் மகளைக் காட்டி, பிள்ளையை எப்படி வளர்க்க வேண்டும் என்று பாருங்கள் என்றாராம். அதைச் சொல்லும்போது மனைவியின் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. எனக்கும் தலைகால் புரியவில்லை. மெஷின் பிடிக்கிற கூட்டாளியிடம் இரண்டு நாள் இதையே பேசி அவனை அறுத்தேன்.

மூன்றாவது மாதத்தில் சில விஷயங்கள் என் கண்ணில் பட்டன. சில காலைகளில் அவள் தலையணை எச்சிலில் நனைந்திருந்தது. பல் முளைக்கிற வயதைத் தாண்டிய பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு எச்சில் என்று நினைத்தேன். குளிர்கிற மலையில் அவள் நெற்றி வியர்த்தது. திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். அரை நாளில் சரியாகிவிடும். சளி என்றோம், சூடு என்றோம், கண்ணேறு என்றோம். மனைவி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள்.

ஒரு சாயங்காலம் அவள் என் மடியில் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் இடது கண்ணுக்குக் கீழே தோல் துடித்தது. மெல்லிய துடிப்பு, சில நொடிதான். அந்தத் துடிப்பு எனக்குத் தெரியும். காற்று மாறி மருந்து முகத்தில் அடிக்கிற நாட்களில் என் கண்ணுக்குக் கீழேயும் அப்படித்தான் துடிக்கும். ஆனால் இவள் சாப்பிடுவது வீட்டு வரிசைக் கீரைதானே, நானே பறித்ததுதானே என்று மனத்தை அடக்கிக்கொண்டேன். ஒருவேளை என் உடம்பிலிருந்து அவளுக்கு ஒட்டுகிறதோ என்று பயந்து, மறுநாளிலிருந்து மூன்று தடவை சோப்பு போட்டேன். மூக்கு முன்னால் இருந்ததைப் பார்க்காமல் சோப்பை மாற்றிக்கொண்டிருந்தேன்.

நான்காவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. சாலட் பாத்தியில் புழு கட்டுக்கு அடங்காமல் போய்விட்டது. தவுக்கே ஒரு புது மருந்தைக் கொண்டுவந்தார். டப்பாவின் லேபிளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பி, தண்ணீருக்கு எத்தனை மூடி என்று கீழே எழுதியிருந்தார். லேபிளில் இருந்ததைவிட அது இரட்டிப்பு. அடித்த பிறகு இத்தனை நாள் அறுக்கக் கூடாது என்று எல்லா டப்பாவிலும் இருக்கும். எனக்கு அது மனப்பாடம். ஆனால் அந்த வாரம் பெருநாள் நெருங்கி, கீழே பட்டணத்தில் விலை ஏறிக்கொண்டிருந்தது. புதன்கிழமை மத்தியானமே அறுக்கச் சொல்லிவிட்டார்.

முந்தின நாள் சாயங்காலம் நான் நனைய நனைய அடித்த பாத்தி. இலையைத் தொட்டால் விரல் வழுக்கியது. மூன்று லோரியில் ஏற்றினோம். நான் வாயைத் திறக்கவில்லை. லோரி மலையிறங்கி எங்கெங்கோ போகும், யார் யாரோ சாப்பிடுவார்கள், நம் வீட்டுக்கு வராது. இதுதான் அப்போது என் மனத்தில் ஓடியது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? வழக்கம்போல் தொட்டிக்குப் பின்னால் போய் ஓட்டைக் கீரை ஒரு பை பறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். நாங்கள் மெஷின் பிடித்த சரிவில் போன் எடுக்காது. எங்கள் கங்காணி மண்டோர் மோட்டாரில் மேலே ஏறி வந்து, தூரத்திலிருந்தே கையை ஆட்டினார்.

"தடிக்காவுல உன் புள்ள மயக்கமாயிடுச்சாம்லா! டீச்சர் காடியில தூக்கிட்டுப் போயிருக்காங்க. உன் வீட்டம்மாவும் கூடப் போயிருக்கு. தானா ராத்தா ஆஸ்பத்திரி. வீட்டுக்குப் போயி கிளினிக் புக்கு எடுத்துட்டு வரச் சொல்லுச்சு."

எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. லயத்துக்கு வந்து, பின்வாசல் வழியாக உள்ளே நுழையப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் பக்கத்து வீட்டுக்காரம்மாவின் கோழிக்கூடு இருக்கிறது. கூட்டுக்குள் ஒரு குவியல் கீரை கிடந்தது. கோழிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கொத்தின. அத்தனையும் ஓட்டை இலை. நேற்று நான் பறித்துக்கொண்டு வந்தது.

உள்ளே போய் ஐஸ்பெட்டியைத் திறந்தேன். நடுத்தட்டில் சாலட் கட்டுகள் இரண்டு இருந்தன. ஒரு ஓட்டை இல்லை, ஒரு கீறல் இல்லை, படத்தில் வரைந்த மாதிரி பளபளவென்று இருந்தன. தண்டைச் சுற்றி ஊதா நாடா. மலையிறங்குவதற்கு முன்னால் தரம் பிரிக்க மெயின் ரோட்டு ஷெட்டுக்கு வருகிற சரக்கில் எது யாருடையது என்று தெரிவதற்காக ஒவ்வொரு கெபுனும் ஒரு நிற நாடா கட்டும். ஊதா எங்களுடையது. அந்த ஷெட்டில்தான் பக்கத்து வீட்டுக்காரம்மா தரம் பிரிக்கிற வேலை செய்கிறார். அளவில் பெரியது, சிறியது என்று கழித்ததை அங்கே வேலை செய்கிறவர்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள்.

யாரும் எனக்கு விளக்கம் சொல்லத் தேவையிருக்கவில்லை. பூச்சிக் கீரை வேண்டாம் என்று பிள்ளை அழுதது. தாய்க்காரி அதைப் பக்கத்து வீட்டுக் கோழிக்குக் கொடுத்துவிட்டு, அழகான கீரையாக மாற்றி வாங்கினாள். ஒவ்வொரு தடவையும், நாலு மாதமாக. ஒரு கட்டில் இரண்டு மூன்று இலை பிய்த்திருந்தது. அது காலையில் ரொட்டிக்குள் போன இலை.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஸ்ட்ராபெரிக் கடைகளுக்கு முன்னால் சுற்றுலா பஸ்கள் அடைத்துக்கொண்டு நின்றன. மோட்டாரை ஓரத்து வாய்க்கால் மேட்டில் ஏற்றி ஓட்டினேன். ஒருவன் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினான். திட்டட்டும் என்று இருந்தது.

மகளை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்திருந்தார்கள். வாயிலிருந்து எச்சில் நூலாக வழிந்துகொண்டிருந்தது. உடம்பெல்லாம் வேர்வை. தொடையிலும் தோளிலும் தோல் தன்பாட்டுக்கு நெளிந்தது. டாக்டர் சின்ன வயதுப் பெண். மகளின் இமையை விரித்து டார்ச் அடித்தபோது நானும் பார்த்தேன். கருவிழியின் நடுப்புள்ளி கடுகைவிடச் சின்னதாக இருந்தது.

டாக்டர் மலாயில் வேகமாகக் கேட்டார். என்ன சாப்பிட்டாள்?

"ரொட்டி, முட்டை, ரெண்டு சாலட் இலை. நல்லா கழுவித்தான் வச்சேன்" என்றாள் மனைவி.

வீட்டில் எலிமருந்து, பூச்சிமருந்து ஏதாவது உண்டா? யாராவது கெபுனில் மருந்தடிக்கிறார்களா? எந்த மருந்து என்று தெரிந்தால் நல்லது என்றார்.

"எங்க வீட்டுல அதெல்லாம் கிடையாது டாக்டர். இவரு அந்த வேலைய விட்டு அஞ்சு வருஷமாச்சு" என்று சொல்லிவிட்டு, மனைவி சாட்சிக்கு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் பேசவில்லை.

எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியாது. மகள் இரண்டு தடவை மூச்சு இழுத்தாள், நெஞ்சுக்குள் சளி கொரகொரவென்றது. பிள்ளை அப்படிக் கிடக்கும்போது, பெண்டாட்டியிடம் மாட்டிக்கொள்வோமே என்று ஒரு மனுஷன் வாயை மூடிக்கொண்டு நின்றான். அவன் நான்தான். இதற்கு முன்னால் எழுதியதையெல்லாம் இந்த ஒரு இடத்தைச் சொல்வதற்காகத்தான் எழுதினேன்.

பிறகு போனை எடுத்து, தவுக்கே அனுப்பிய லேபிள் படத்தைத் திறந்து டாக்டரிடம் நீட்டினேன். "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அடிச்சது. ரெண்டு மடங்கு. நேத்து அறுத்தாச்சு" என்றேன். டாக்டர் போனோடு ஓடினார். ஊசி வந்தது, குழாய் வந்தது, எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள்.

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "என் வயித்து மேல கை வச்சு சொன்னீங்க" என்று மட்டும் சொன்னாள். அதையும் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

மூன்றரை மணிக்கு மகளின் எச்சில் நின்றது. விழித்துத் தண்ணீர் கேட்டாள். தப்பித்துக்கொண்டாள், ஆனாலும் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். நான் கதவோரம் நின்று அழுதேன். மனைவி உள்ளே போய்ப் பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று எழுந்து வெளியே வந்தாள்.

"பக்கத்து வீட்டு அக்காவுக்கு மூணு புள்ளைங்க" என்றாள்.

எனக்கு அதுவரை அந்த நினைப்பே வரவில்லை. நாலு மாதமாக இல்லை, நாலு வருடமாகவே வரவில்லை. அந்த அம்மா எந்த ஷெட்டில் வேலை செய்கிறார் என்று எனக்குத் தெரியும். கழித்த கீரையை வீட்டுக்குக் கொண்டுவருகிறார் என்றும் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் கீரை தாளிக்கிற வாசனை எங்கள் வீட்டுக்கு வரும். ஒருநாள்கூட எனக்கு உறைத்ததில்லை.

மனைவி போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஷெட்டில் வேலை நேரத்தில் போனைப் பையில் வைத்துவிட வேண்டும். மறுபடி போட்டாள், மறுபடியும் எடுக்கவில்லை.

"நீங்க போங்க. நீங்களே நேர்ல போயி உங்க வாயால சொல்லுங்க" என்றாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணி. பக்கத்து வீட்டுக்காரம்மா அப்போதுதான் ஷெட்டிலிருந்து வந்து, பூட்ஸைக் கழற்றிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்திருந்தார். மூன்று பிள்ளைகளும் தரையில் வரிசையாகத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். மூத்தது ஒன்பது வயதுப் பெண். கடைசிக்கு மூன்று வயது.

"வாங்கண்ணே! புள்ளைக்கு எப்படி இருக்கு? இப்பதான் கேள்விப்பட்டேன், நெஞ்சு பதறிப் போச்சு" என்றார். கையில் கரண்டி. சட்டியில் சாலட் இலை பூண்டோடு வதங்கிக்கொண்டிருந்தது. சின்னதின் தட்டில் சோற்றுக்கு மேல் ஒரு கரண்டி விழுந்தும் இருந்தது.

"அதக் குடுக்காதீங்க" என்றேன்.

சிரித்தார். "ஏண்ணே, நல்ல கீரதான். ஒரு ஓட்ட கிடையாது."

சொன்னேன். என்ன மருந்து, எவ்வளவு, எப்போது அடித்தது, எப்போது அறுத்தது, என் மகள் எப்படிக் கிடந்தாள், எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் அடுப்பை அணைத்தார்.

"யாரு அடிச்சது?"

"நான்தான்."

"நீங்க மருந்து அடிக்கிற ஆளா?" கரண்டியைக் கீழே வைத்தார். "நான் அந்த ஷெட்டுல வேல செய்யறது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"எம்புள்ளைங்க இதத்தான் சாப்பிடுதுன்னும் தெரியும்."

"தெரியும்" என்றேன்.

"நடுவுல உள்ளது ரெண்டு மாசமா வயிறு வலிக்குது, வயிறு வலிக்குதுன்னு சுருண்டு படுக்குது. பொய் சொல்லுதுன்னு அடிச்சு பள்ளிக்கு அனுப்பினேன்" என்றார். "உங்க புள்ளைக்கு மட்டும் நல்ல கீரையா பாத்துப் பறிச்சிட்டு வந்தீங்க. அத எங்கூட்டுக் கோழி தின்னுச்சு. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அண்ணே."

சின்னதின் தட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"இந்தாங்க. ஒரு வாய் சாப்பிடுங்க. புள்ளைங்க பாக்கட்டும்."

கோபத்தில் சொன்னாரா, வேதனையில் சொன்னாரா தெரியவில்லை. நான் அதைச் செய்ய வேண்டும் என்று எனக்கே தோன்றியது. சோற்றோடு கீரையைச் சேர்த்துப் பிசைந்து ஒரு உருண்டை எடுத்தேன். வாய்வரை கொண்டுபோனேன். மூன்று பிள்ளைகளும் அண்ணாந்து என் வாயையே பார்த்தார்கள். உதடு திறக்கவில்லை. உருண்டையைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டேன்.

மூத்த பெண் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு அவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, காலையில வதக்கி வச்சிருந்த இந்தக் கீரைய நாங்க மத்தியானமே சாப்பிட்டுட்டோமே" என்றாள்.